இதிலை எது எல்லை

கொக்குவில், சைக்கிள் கடைக்கு மேல்மாடி.
ஞாயிற்றுக்கிழமை. கரண்ட் இல்லை.
யன்னலோரம் பிளாஸ்டிக் கதிரையில்
சேர்ட்டைக் கழற்றிவிட்டு இருக்கிறார் திரவியநாதன்.
மணித்தியாலத்துக்கு ஐந்நூறு ரூபாய், ஒரு பிளேன்ரீ.
சுற்றிவர நாங்கள் ஆறு பேர்,
கரித்துண்டும் வியர்வையுமாக.

இருபத்தெட்டு வருடம் நில அளவையாளருக்குச்
சங்கிலி இழுத்த தோள்.
ஒரு கோட்டில் அது எனக்கு அகப்படவில்லை.
முதற்கோடு காதுவரை ஏறிவிட்டது.
அடுத்தது பயந்துபோய்
கழுத்தோடு ஒட்டிக்கொண்டது.
மூன்றாவது ஏதோ ஓரிடத்தில் சரி,
எந்த இடமென்றுதான் தெரியவில்லை.

அசையாதேங்கோ ஐயா.
"அசையேல்லைப் பிள்ளை, மூச்சு விடுறன்."

இடைவேளையில் வந்து நின்று பார்த்தார்.
கண்ணாடியைச் சாரத்தில் துடைத்து
திரும்பவும் பார்த்தார்.
தாளில் படாமல் விரலை நீட்டி
"இதிலை எது எல்லை?" என்றார்.

எனக்குத் தெரியாது என்றேன்.
அவருக்கு அது பிடித்திருக்க வேண்டும்.

"இணுவிலிலை நாலு விரற்கடை வேலிக்கு
முப்பது வருசம் வழக்கு.
தேப்பன் போட்டது, மகன் நடத்தினது,
பேரன் கனடாவிலையிருந்து காசு அனுப்பினவன்.
நான்தான் கட்டை அடிச்சனான்.
ரெண்டு தரம். ரெண்டு இடத்திலை.
ரெண்டும் சரியான அளவுதான் பிள்ளை.
ஒண்டு மழை விட்ட காலமை,
மற்றது சித்திரை வெயிலுக்கை.
வெயிலுக்குச் சங்கிலி
நூறடிக்கு ரெண்டு நூல் நீளும்.
ஆர் கேட்டது?"

திரும்பப் போய் இருந்தார்.
வேறு விதமாக இருந்தார்.
அதற்கும் ஒரு கோடு போட்டேன்.

இடது கைக்கு வருமுன்னே கரண்ட் வந்தது,
விசிறி சுழன்று தாள்கள் பறந்தன,
எல்லோரும் சிரித்தோம். நேரமும் முடிந்தது.

நாகத் தகட்டில் கொம்பாஸ் முனையால்
அதைக் கீறியபோது
பிழைக் கோடுகளைத் தேய்த்துவிடத்தான் எண்ணியிருந்தேன்.
தேய்க்கும் இரும்பை எடுத்தும் வைத்தேன்.
ஆனால் ஊசி உழுத தடத்தின் ஓரம்
பிசிர் ஒன்று சிலிர்த்து நிற்குமே,
மை போய்த் தங்குவது அதில்தான்.
முதல் அச்சுகளில் தோள்கள் எல்லாம்
பூனைமயிர் போலக் கறுத்துக் கசிந்தன.
பத்தாவது பிரதியில் பிசிர் நசிந்துவிட்டது.
பதினைந்தாவதில் கோடுகள் மெலிந்து தெளிந்து
எல்லாம் தெரிந்த ஆளைப்போல நின்றன.
அதை நான் ஒருவருக்கும் காட்டவில்லை.

மூன்றாம் பிரதியை அவரிடம் கொடுத்தேன்.
"கை எங்கை?"
அதிலை தேத்தண்ணி வைச்சிருந்தனீங்கள்.
கொஞ்சநேரம் ஒன்றும் பேசவில்லை.
"வெளிக்கிடுற ஆள் மாதிரிக் கிடக்கு" என்றார்.
குறையா மெச்சலா, நான் கேட்கவில்லை.

மை காயேல்லை, நாளைக்கு எடுங்கோ என்றும் சொன்னேன்.
பழைய பேப்பரில் சுருட்டி
ஹாண்டிலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு
மிதித்துப் போனார்.
நாச்சிமார் கோயிலடி தாண்டுமுன்னே
இன்னொரு தோள் முளைத்திருக்கும்.