கம்பி மிஞ்சும்

கத்தியைச் சோப்பு நீரில் தோய்த்துத்தான் இறக்க வேண்டும்.
வறண்ட கத்தியை ரப்பர் கவ்விக்கொள்ளும்
கடன் கொடுத்தவன் கையைப் பிடிப்பதுபோல.
பழைய லாரி டயர் ஒன்றில் பத்து ஜோடி.
விரயமில்லாமல் வெட்டினால் பதினொன்று.
அந்தப் பதினோராவது
எப்போதும் குழந்தைக் கால்.

எல் ஆல்தோவில், ரியோ செக்கோ சந்தைக்குப் பின்னால்
தகரக் கொட்டகை என்னுடையது.
ஃபோர்த்துனாத்தா அருகிபா என்று கேட்டால் காட்டுவார்கள்.
அரிக்கா துறைமுகத்திலிருந்து சரக்கேற்றி வந்த சக்கரங்கள்
மலையேறி மலையேறி வழுக்கையாகி
என் வாசலில் வந்து படுக்கின்றன.
முதல் வேலை, கல் நோண்டுவது.
பள்ளங்களுக்குள் யுங்காஸ் மண், சிவப்பாய்;
உப்புப் பாலையின் வெள்ளை, நக்கிப் பார்த்தால் தெரியும்;
ஒருமுறை ஒரு பல்.
மனிதருடையதா நாயுடையதா,
கேட்டு யாரும் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை தெயோதோரோ யுஹ்ரா வந்தான்,
குடியிருப்போர் சங்கத்துப் பட்டியலோடு.
வீட்டுக்கு ஒரு டயர்.
நாளை சாலையை மறிக்கிறோம்
தண்ணீர்க் குழாய்க்காக.
மூன்று வருடமாக வந்துகொண்டிருக்கிறது அந்தக் குழாய்
காகிதத்தில்.
எனக்கும் வேண்டும் தண்ணீர்.
இந்தச் சோப்பு நீருக்கே நாலு தெரு வாளி சுமக்கிறவள்.
ஆனாலும் ஒரு டயர் என்றால் இருபது கால், தம்பி.
நெருப்புக்கு அது ஒரே ராத்திரி.
கணக்குப் போட்டுப் பார் என்றேன்.
அவன் போடவில்லை.
என் கொட்டகைக்குள் கண்ணால் எண்ணிக்கொண்டிருந்தான்.

"அழியாது" என்று கூவித்தான் விற்கிறேன்.
சாமியையும் அப்படித்தான் புகழ்கிறார்கள்.
அதே சொல்லைக் குப்பைமேட்டுக்காரன்
வசவாகச் சொல்கிறான்:
ஆள் ஆழத்துக்குப் புதைத்தாலும்
சோற்றில் மறைத்த பூசணிக்காயாய்
அடுத்த மழைக்கே எட்டிப் பார்க்கிறதாம்.

சுவரோரம் கம்பி டயர் இரண்டு கிடந்தன.
உள்ளே எஃகு வலை;
கத்தியின் முனையைப் பெயர்க்கிற ரகம்.
ஒரு வருடமாக என் வழியை அடைத்துக்கொண்டிருந்தவை.
ஒன்று கேட்டான், இரண்டையும் உருட்டிவிட்டேன்.
தாராளக்காரி என்று
பட்டியலில் என் பெயருக்கு எதிரே
நட்சத்திரம் போட்டான்.

இரவு,
இல்லிமானியின் பனிமுகத்தைப் புகை துடைத்துவிட்டது.
மூச்சுக்கு ஏற்கெனவே பஞ்சமான உயரம் இது.
சால்வையால் வாயை மூடி நானும் போய் நின்றேன்,
போகாவிட்டால் அபராதம்.
முழக்கம் போட்டவர்களின் முகம் தெரியவில்லை.
கால்கள் தெரிந்தன.
பாதிக்கு மேல் என் வெட்டு.
நடுவில் எரிவதும் டயர்,
சுற்றி நின்று குளிர்காய்வதும் டயர்.
சூட்டில் செருப்புகள் இளகி மணத்தன.
யாரோ ஒரு பெண் ஓரடி பின்வாங்கினாள்,
அல்லது அவளை
அவை பின்னுக்கு இழுத்தன.

விடிந்து ஒரு எஞ்சினியர் வந்தார்.
சுண்ணாம்பால் தெருவில் கோடு கிழித்தார்,
படம் எடுத்தார், போய்விட்டார்.
மினிபஸ்கள் ஓட ஆரம்பித்தன.
கோட்டில் பாதி அவற்றின் சக்கரத்தோடு போனது.

கருகிய தாரின் மேல் கம்பி வளையங்கள் கிடந்தன,
முட்டையில்லாத கூடுகள்.
இன்னும் சூடு.
கோணியில் அள்ளினேன்.
ஜோடி ஜோடியாய்க் கட்டித் தொங்கவிட
இனி ஆறு மாதம் கம்பி வாங்க வேண்டாம்.
உதவாத டயர் என்றா சொன்னேன்?
என் நெஞ்சு இன்னும் இருமிக்கொண்டிருக்கிறது,
அதையும் கணக்கில் எழுத வேண்டும்.

சாம்பலில் ஒரு லாரி நடந்து போயிருந்தது,
இரண்டடிக்கு ஒரு தடமாய்,
சந்தை முனையில் திரும்பி
லாரி நுழையாத படிக்கட்டில் ஏறி.
குனிந்து பார்த்தேன்.
இடது குதிகாலில் வரிகள் இல்லை, மொழுக்கென்று.
தெயோதோரோ.
காலை இழுத்து நடக்கிறவன்.
அடுத்த வாரம் வருவான்.
நட்சத்திரத்துக்காக
விலை குறைக்க மாட்டேன்.