வானம் தோண்டியது

கணக்கேட்டில் அது ஒரே ஒரு வரி.
'நிரப்பு, நாற்பத்திரண்டு வண்டி.'
1866, நவம்பர், மூன்றாம் வாரம்.
என்ன நிரப்பு, எதற்கு என்று
மேற்பார்வையாளர் இனாக் ராத்மெல் எழுதவில்லை.
மற்றதெல்லாம் எழுதுகிற மனிதர்:
சாரக்கயிறு அறுந்த நாள்,
குடித்துவிட்டு வந்த கொத்தனுக்குப் பிடித்த அரைக்கூலி,
மழை, மழை, உறைபனி, மழை.

வரைபடத்தில் இந்த ஆலயத்துக்கு
இருநூற்றுப் பத்தடி உயரம்.
வரைந்தவர் லண்டன்காரர்.
ரயிலில் இரண்டு முறை வந்தார்,
இரண்டு முறையும் குடையை மறந்துவிட்டுப் போனார்.
பணம் ஆம்ப்ரோஸ் கெர்ஷாவுடையது, பருத்தி ஆலை முதலாளி.
அவர் கேட்டது ஒன்றுதான்:
ஆற்றுக்கு அந்தப் பக்கம் மச்சினன் எழுப்பிய
புகைபோக்கியைவிட ஓரடியாவது கூடுதலாக
கர்த்தருக்கு ஒரு கூர்கோபுரம்.

நடுவில் அமெரிக்காவில் போர்.
பஞ்சு வரவில்லை. தறி நின்றது.
தோளுயரத்தில் நின்ற சுவரின் மேல்
மூன்று குளிர்காலம் வைக்கோல் போர்த்தியிருந்தார்கள்.
தெற்குப் பக்கம் போய்ப் பாருங்கள், அந்தக் கோடு இன்றும் தெரியும்:
கீழே நல்ல கல், இழைத்த இணைப்பு.
மேலே கிடைத்த கல்.
பஞ்சம் விட்டுப்போன நீர்மட்டம் மாதிரி.

அந்த மூன்று குளிர்காலமும்
கொட்டகைக்குள் உளிச்சத்தம் மட்டும் ஓயவில்லை.
ஜேபஸ் ஓர்ம்ராய்ட் செதுக்கிக்கொண்டிருந்தார்,
கூர்கோபுரத்தின் எட்டு விளிம்புக்கும்
விளிம்புக்குப் பன்னிரண்டாய் இலைகள்.
வேத இலை எதுவும் அந்த ஊரில் முளைக்கவில்லை.
மாதிரிக்குத் தன் கொல்லையிலிருந்து
ஒரு முட்டைக்கோஸ் இலையைக் கொண்டுவந்து
ஆணியில் மாட்டியிருந்தார்.
அது வாடினால் இன்னொன்று.
தொண்ணூற்றாறு இலை. எல்லாமே கோஸ்.

கோபுரம் தொண்ணூறடி ஏறிய காலையில்
தூக்குநூல் சுவரைவிட்டு
நான்கு விரல் தள்ளி நின்றது.
ராத்மெல் நூலைக் கழற்றி மறுபடி கட்டினார்.
நான்கு விரல்.
தரையைத் தோண்டினார்கள்.
யாருடைய வரைபடத்திலும் இல்லாத
பழைய நிலக்கரிக் கிணறு ஒன்று,
கோபுரத்தின் வடமேற்கு மூலைக்குக் கீழே
வாயைத் திறந்துகொண்டு.

எங்கள் மொழியில்
அடித்தளத்துக்குக் குழி எடுப்பதை
வானம் தோண்டுவது என்போம்.
ராத்மெல்லுக்கு அது தெரிய வழியில்லை.
ஆனாலும் லாந்தர் வெளிச்சத்தில் அவர் செய்தது
அச்சு அசலாய் அதுதான்.
மேலே போகவேண்டிய கல் எல்லாம்
கீழே போயிற்று.
இழைத்த பாளங்கள், உச்சிக் கல்,
தொண்ணூற்றாறு இலை,
மேலே சுண்ணாம்புக் கலவை.

'எறியாதீங்கடா, இறக்குங்க'
என்றார் ஓர்ம்ராய்ட்.
சொன்னாரா? யாரும் எழுதிவைக்கவில்லை.
நான்தான் சொல்லவைக்கிறேன்.
அவர் அன்று வேலைக்கே வராமலும் இருந்திருக்கலாம்.

கோபுரத்துக்கு ஈயத் தகட்டில்
தட்டையாய் ஒரு தற்காலிகக் கூரை போட்டார்கள்.
அந்தத் தற்காலிகம் நூற்றைம்பது ஆண்டைத் தாண்டிவிட்டது.
அடக்கமே அழகு என்று
கெர்ஷா பத்திரிகைக்குச் சொன்னார்.
ஊரார் மொட்டை என்று பெயர் வைத்தார்கள்.
பிறகு குண்டு விழுந்தது, கண்ணாடி போனது.
பிறகு புகை எல்லாவற்றையும் கறுப்பாக்கியது.
மொட்டை அசையவில்லை.

போன மார்ச்சில், டிராம் பாதைக்காக
மண் சோதிக்க வந்தவள் ரோவினா ப்ளாக்கெட்.
பதினொன்றரை மீட்டரில் துளைக்கருவி முனகியது.
குழாயிலிருந்து தட்டி எடுத்த கல்லுருளையில்
ஒரு பக்கம் சுருண்ட விளிம்பு, நடுநரம்பு,
நரம்பில் உளி வழுக்கிய ஒரு கீறல்.
நகரத்துக் கல் முழுக்கக் கரி படிந்திருக்க,
இது மட்டும்
வெட்டிய அன்றைய வெண்ணெய் நிறத்தில்.

பதிவேட்டில் அவளும் 'நிரப்பு' என்றே எழுதினாள்.
அந்தப் படிவத்தில் வேறு சொல்லுக்குக் கட்டம் இல்லை.

கழுவத் தண்ணீர் தேடி
ஆலயத்துச் சமையலறைக்குள் போனாள்.
சனிக்கிழமை. எரித்ரியச் சபையின் சாப்பாட்டுக்கு
வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த டெஸ்ஃபாலெம்
தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார்,
கண்ணில் நீர் வழிய, கத்தியும் கையுமாக.

'கோஸ்தானே இது?' என்றார்.