நிவாரணத்தில் வந்த ரீசேட்

கடல் ஊருக்குள் வந்து போன பிறகு
கோயில் வளவில் உடுப்பு மூட்டை பிரித்தார்கள்.
எனக்கு விழுந்தது ஒரு கறுப்பு ரீசேட்.
நெஞ்சில் சிறகு முளைத்த திமிங்கிலம்,
சுற்றிவர ஆங்கில எழுத்து.
உதவி தந்த நிறுவனத்தின் சின்னம் என்றுதான்
ஆறு வருசம் நினைத்திருந்தேன்.

பக்கத்து வீட்டுச் சின்னராசனுக்கு
பெண்பிள்ளையின் மழைக்கோட்டு.
திருக்கடலூரில் அன்று நான் அதிர்ஷ்டக்காரன்.

முதலில் அடையாளம் கண்டவன் நேவிக்காரன்.
மீன்பிடி பாஸ் முடிந்து இரண்டு நாள்.
டச் பே சென்ரியில் ஐசியை நீட்டினேன்.
அவன் ஐசியைப் பார்க்கவில்லை,
திமிங்கிலத்தைப் பார்த்தான்.
பத்தொன்பது வயதிருக்கும், மீசை சரியாக வரவில்லை.
துவக்கின் பிடியில் விரலால் தட்டினான்
டக், டடக், டக்,
நிறுத்தி என்னைப் பார்த்தான்
மிச்சத்தை நான் தட்டவேண்டும் என்பதுபோல.
எனக்கென்ன தெரியும்?
சிரித்தேன். அந்தக் காலத்தில் எல்லாவற்றுக்கும் சிரிப்போம்.
போ என்றான்.

சண்டை முடிய, நிலாவெளியில்
புறாத்தீவுக்கு ஆள் ஏற்றினேன்.
முழங்காலில் பட்டி கட்டிய நரைத்த ஜெர்மன்காரி
படகில் ஏறமுதலே என்னைக் கட்டிப்பிடித்தாள்.
எழுபத்தி ஏதோ ஒரு வருசம், விடியவிடிய மழை,
சேற்றில் நின்று கேட்டாளாம்.
அப்போதுதான் விளங்கியது, இது பாட்டுக்காரர்.
கொழும்புப் பெடியன் ஒருவன்
ஐயாயிரம் தாறன், கழற்றுங்கோ என்றான்.
கழற்றவில்லை.
மாற்றுச் சேட்டு கொண்டுபோகவில்லை.

போன மாரியில் கடலுக்குப் போகாத ஒரு நாள்
வேணுஜா போனில் தேடி எடுத்தாள்.
"நாலு பேர் அப்பா. ரெண்டு பேர் செத்திட்டினம்.
மிச்ச ரெண்டு பேரும் கதைக்கிறேல்லையாம்."

காதில் வைத்தேன்.
வாடைக் காற்றில் ஸ்டார்ட் எடுக்காத எஞ்சின்;
கயிற்றை இழுக்க இழுக்க இருமல்.
இதுக்கா இவ்வளவு?
பிறகு பிடித்துக்கொண்டது.
நடுவில் எல்லாம் அடங்கி
டக், டடக், டக்.
என் விரல் கதிரைக் கையில் மிச்சத்தைத் தட்டிற்று,
பதினாறு வருசம் பிந்தி.
அந்தப் பெடியன் எங்கே இருக்கிறானோ.
இருக்கிறானோ.

இப்போது எழுத்தெல்லாம் உதிர்ந்துவிட்டது.
திமிங்கிலத்தில் வாலும் ஒற்றைச் சிறகும்.
எஞ்சின் துடைக்கப் போட்டதை மகள் எடுத்துத் தோய்த்து
கொடியில் காயவிட்டிருந்தாள்.
கோட்டைப் பக்கத்து மான் வந்து
ஒரு கையைச் சப்பித் தின்றுவிட்டது.
விரட்டப் போனவள் திரும்பி வந்து
கத்தரிக்கோல் கேட்டாள்.
மற்றக் கையையும் வெட்டப் போகிறாளாம்,
கம்பசுக்குப் போட.