முப்பத்தெட்டு டிகிரி

நஃப்தலானில் கச்சா எண்ணெயில் குளிக்கிறார்கள்.
தொட்டியில் பத்து நிமிடம், அதற்கு மேல் கூடாது.
நான் மணல்கடிகாரத்தைத் திருப்பிவைப்பவன்,
பிறகு மரத்தகட்டால்
முதுகிலிருந்து எண்ணெயை வழித்தெடுப்பவன்.

உள்ளே இறங்கிவிட்டால் எல்லோரும் கறுப்பு.
ஏறும்போதுதான் தெரியும்
யாருக்கு எது என்று.

நண்டுபோலப் பக்கவாட்டில் படியேறுபவர்
துர்சுன், வாலிபால் பயிற்சியாளர்.
முழங்காலில் இரண்டு எலும்புகளுக்கு நடுவே
சமாதானம் பேச இருந்த ஆள்
எப்போதோ எழுந்து போய்விட்டான்.
"வெறும் தேய்மானம்" என்கிறார்,
டயரைச் சொல்வதுபோல.

கரகண்டாவிலிருந்து வந்த கணக்காளர் சார்சென்
பதினொரு மணிவரை
தேநீர்க் கிண்ணத்தை இரு மணிக்கட்டால் தூக்குவார்.
அவர் உடம்பில் வேலியே பயிரை மேய்கிறது,
அதுவும் கணக்குத் தப்பாமல்:
வலக்கையில் மேய்ந்த அதே இடம் இடக்கையிலும்.
விரல்கள் எல்லாம் சுண்டுவிரல் பக்கம் சாய்ந்திருக்கின்றன
அங்கே ஏதோ வேடிக்கை நடப்பதுபோல.
சட்டைக்கு ஏழு பொத்தான். நான்தான் போடுகிறேன்.
அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

கசாப்புக்காரர் மாஹிருக்கு
வலி இராத்திரி இரண்டு மணிக்கு வந்ததாம்,
கதவைத் தட்டாமல், கால் பெருவிரலுக்கு.
போர்வை நுனி பட்டதற்கு
மனைவியைத் திட்டித் தீர்த்தாராம்.
மனைவி அன்று பாகுவில், தங்கை வீட்டில்.
ஒரு வாரத்தில் போய்விட்டது என்று சிரிக்கிறார்.
போகட்டும்,
அதற்கு இனி முகவரி தெரியும்.

எல்ஷான். முப்பத்து நாலு வயது.
படுத்தால் வலி, நடந்தால் குறைவு.
"ஓய்வெடு" என்றவர்களையெல்லாம்
மன்னித்துவிட்டதாகச் சொல்கிறான்.
விடியுமுன் மூன்று மணிக்குத் தாழ்வாரத்தில் கேட்பது
அவன் காலடிதான்.
முதுகின் கணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி
மூங்கிலாகிவிட்டதைப் படத்தில் காட்டினான்.
நின்றால் அவனுக்குத் தரைதான் தெரியும்.
தொட்டியில் சாய்ந்த முதல் நாள்
என்னை வெகுநேரம் பார்த்துவிட்டு,
"செருப்பை வைத்து
வயதானவர் என்று நினைத்தேன்" என்றான்.

எண்ணெய் குணமாக்குமா என்று கேட்கிறார்கள்.
முப்பத்தெட்டு டிகிரி என்கிறேன்.

பத்தொன்பது வருடமாக வழிக்கிறேன்.
இந்தக் குளிர்காலம் தொடங்கியதிலிருந்து
கட்டைவிரலின் அடியில்,
தகட்டைப் பிடிக்கிற இடத்தில்,
மணல்போல ஒன்று நறநறக்கிறது.

நேற்று
நாலாவது பொத்தானில் என் கை நின்றுவிட்டது.
சார்சென் கூரையை விட்டுக் கீழே பார்த்தார்.
ஒன்றும் கேட்கவில்லை.
மணிக்கட்டால் துணியின் விளிம்பை
எனக்கு வாகாக அழுத்திப் பிடித்தார்.
அதையும் மீதி மூன்றையும்
இருவருமாகப் போட்டோம்.
வெளியே மாஹிர்
நேரமாகிறது என்று கத்திக்கொண்டிருந்தார்.