இழுத்துப் பிடியுங்கோ

இரவெல்லாம் நான் சொல்வது இரண்டே வசனம்.
மூச்சை இழுத்துப் பிடியுங்கோ.
சரி, இனி விடலாம்.
சிங்களத்திலும் சொல்வேன்,
விடியும்போது எதை எந்த மொழியில் சொன்னேன்
என்பது மறந்திருக்கும்.
நேற்று முப்பத்தொரு நெஞ்சு,
ஒரு முழங்கை,
ஐந்து ரூபாய்க் குற்றியை விழுங்கிவிட்டு
சிரித்துக்கொண்டிருந்த ஒரு பிள்ளை.

ஏழரைக்கு டார்லி வீதியால் இறங்கி
பேரை வாவிக்கு வரும்போது தோளில் கனக்கிறது
சீட்டுக்காசில் வாங்கிய பழைய கமரா.
அதன் சென்சரில் ஒரு தூசிப் புள்ளி.
எல்லாப் படத்திலும் அதை
இலைகளுக்குள் ஒளித்துவைக்கப் பழகிவிட்டேன்.

தண்ணீர் பச்சை.
வயல் பச்சை அல்ல,
போத்தலின் அடியில் தங்கிய மருந்தின் பச்சை.
அதற்குள்ளும் மீன் இருக்கிறது,
இல்லாவிட்டால் இந்தக் கூழைக்கடாக்கள்
இவ்வளவு சோம்பலாய் இருக்காதுகள்.
மிதிபடகு அன்னங்கள் வரிசையாய்க் கட்டிக்கிடக்க
ஒன்றின் பிளாஸ்டிக் தலையில்
நீர்க்காகம் சிறகைக் காயப்போடுகிறது.
இருபது படம் எடுத்தேன்.
அன்னம்தான் எல்லாவற்றிலும் வடிவாய் விழுந்திருக்கிறது.

காவலுக்கு நிற்கும் தர்மபந்து
முதல் நாள் அடையாள அட்டை கேட்டார்.
யோ-கச்-செல்-வி,
இரண்டு தரம் எழுத்துக் கூட்டினார்.
இந்தக் கரையில் நீட்டிய லென்சும்
இப்படி ஒரு பெயரும் சேர்ந்து நின்றால் என்ன ஆகும் என்று
என் வயதுக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை.
"மொனவத கன்னே?"
"குருல்லோ," என்றேன்.
நம்பவில்லை.
பின்திரையைக் காட்டினேன்.
மீன்கொத்தி. மீன்கொத்தி.
மீன்கொத்தியின் வால் மட்டும்.
வெறுங்கிளை.
அந்த வெறுங்கிளையைப் பார்த்துத்தான்
அட்டையைத் திருப்பித் தந்தார்.

இப்போது எனக்குத் துப்புச் சொல்பவர் அவர்தான்.
கபரக்கொய்யான் எந்தக் குழாயில் படுத்திருக்கிறது,
வக்கா எந்த மரத்துக்கு மாறிவிட்டது,
இரவில் யார் வலை வீசினார்கள்.
இன்று பேசவில்லை, கையால் காட்டினார்.

படிக்கட்டில் ஒரு கூழைக்கடா.
இடது சிறகு இழுபட, நைலோன் நூல்.
கமராவுக்குள்ளால் பார்த்தேன்.
பழக்கதோஷம், இறகு தெரியவில்லை,
எலும்புதான் தெரிந்தது.
முறிந்திருந்தால் வேறு கோணத்தில் தொங்கும்.
நூல்தான் இறுகியிருக்கிறது.

தர்மபந்து தொப்பியைக் கழற்றி
அதன் கண்களை மூடினார்.
அலகு அவர் மணிக்கட்டைக் கிழித்தது,
ஒரு சின்னக் கெட்டவார்த்தை, பிறகு மௌனம்.
பிளாஸ்டர் வெட்டும் கத்தரிக்கோலை
நூலுக்கு அடியில் நுழைக்கும்போது
என் வாய் தானாய்ச் சொன்னது:
இழுத்துப் பிடியுங்கோ.
யாருக்குச் சொன்னேனோ,
பாலத்தில் ரயில் ஒன்று கடந்து முடியும்வரை
மூன்று பேரும் பிடித்திருந்தோம்.

சரி.

அது பறக்கவில்லை.
கந்தோரில் கோபித்துக்கொண்ட பெரியவரைப் போல்
நடந்துபோய் நீரில் இறங்கி
எங்களுக்கு முதுகைக் காட்டி மிதந்தது.

பின்னேரம் நித்திரையால் எழும்பிப் படங்களைப் பார்த்தால்
கமராவைக் கல்லில் வைத்தபோது விரல் பட்டிருக்க வேண்டும்:
சரிந்த ஒரே ஒரு படம்.
ஒரு சப்பாத்து, ஒரு சவ்வுக்கால்,
என் வெள்ளைச் சீருடையின் ஓரம்,
நடுத்தண்ணீரில், ஒளிக்க இடமில்லாமல், அந்தப் புள்ளி.
அழிக்கவில்லை.
நாளைக்கு அவர் கைக்கு
மருந்து கொண்டுபோக வேண்டும்,
ஊசி போட்டாரா என்றும் கேட்க வேண்டும்.