புகை கணக்கெடுப்பவள்

மைனஸ் முப்பத்தெட்டில்
பேனா எழுதாது.
அக்குளில் வைத்துச் சூடேற்றிக்கொண்டு
வேலி வேலியாகத் தட்டுகிறேன்.
உலான்பாதர், வடக்குச் சரிவு, பதினேழாம் தெரு.
போன கோடையில் இங்கே தெருவே இல்லை.

நகராட்சி தந்த படிவம்:
எத்தனை பேர், எத்தனை அடுப்பு,
மாதம் எத்தனை மூட்டை நிலக்கரி,
நகரத்துக்கு வந்த காரணம்.
வேலை, படிப்பு, திருமணம்.
ஏதேனும் ஒன்றை மட்டும் டிக் செய்யவும்.

தோர்ஜ்பலாம் கட்டங்களைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:
"நானூற்றுப் பன்னிரண்டு ஆடு. நின்றபடியே."
அவ்வளவுதான்.
மழை பொய்த்த கோடை, அதன்மேல் இறுகிய பனி,
பனியை உடைத்தால் அடியில் புல் இல்லை.
ஜுத் என்போம்.
படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.
"வேலை"யில் டிக் போட்டேன்.

கீழே நகரம் தெரியவில்லை.
அனல்மின் நிலையத்தின் தலை மட்டும்
அழுக்குப் பாலில் விழுந்த ஈயாக.
யாங்ஜின் மடியில் குழந்தை இருமுகிறது,
இருமலுக்கு நடுவே சிரிக்கிறது.
அந்தப் புகையில் ஒரு பிடி அவள் அடுப்பிலிருந்து.
இன்னொரு பிடி என்னுடையது.

பிப்ரவரியில் மின் ஹீட்டர்கள் வந்தன.
கூடாரத்துக்கு இன்னோர் அடுக்குக் கம்பளி,
இரவு மின்சாரத்துக்குப் பாதிக் கட்டணம்.
மூன்று வருடம் மேசை மேசையாய் நகர்ந்த கோப்பு
ஒரு மதியம் லாரியில் வந்து இறங்கியது.

மறுநாள் விடியுமுன் தொலைபேசி.
பதினேழாம் தெருவில் யாரோ
கதவுகளை உடைக்கிறாராம்.

ஓடினேன்.
தோர்ஜ்பலாம்.
ஒரு காலில் மட்டும் பூட்ஸ், கையில் மண்வாரி.
பக்கத்து வீட்டு லுவ்சான்தெண்டெவை
உலுக்கிக்கொண்டிருந்தார்.
"புகை இல்லை," என்றார் என்னிடம்.
"ஒரு கூரையிலும் புகை இல்லை."

வெட்டவெளியில் அப்படித்தான்.
காலையில் புகை எழாத கூடாரத்துக்கு
குதிரையை விரட்டிக்கொண்டு போவார்கள்,
பாதி வழியிலேயே தொப்பியைக் கழற்றிவிடுவார்கள்.

லுவ்சான்தெண்டெவ் முதலில் வைதார்.
பிறகு தேநீர் ஊற்றினார், உப்புத் தூக்கலாக.
உடைந்த தாழ்ப்பாளுக்கு நகராட்சி பணம் தருமா என்றார்.
தெரியாது என்றேன்.

நாற்பதாம் தெருவுக்கு இன்னும் கம்பி போகவில்லை.
நாங்கள் எரிக்காத கரியில் கொஞ்சத்தை
அதோ அந்த ஈ தின்கிறது.
அதற்கான படிவம் வேறு யாருடைய மேசையிலோ.

தினமும் ஆறு மணிக்கு
தோர்ஜ்பலாம் தெருவிறங்கிக் கதவு கதவாகத் தட்டுகிறார்.
உள்ளிருந்து ஒரு வசவு வரும்வரை
நகர்வதில்லை.
பின்னால் நான்.
இன்றைக்குப் பேனா எழுதுகிறது.

அடுப்பு: பூஜ்யம்.
குறிப்பு: நாற்பத்தொரு வீடு.
எல்லோரும் திட்டினார்கள்.