பூத்தராசு

ஆயிரத்து நூற்று மூன்று, ஆடி ஐந்து. தோவாளைக் கமிஷன் கடை.
பிச்சி வரத்து பாதிதான்; மொட்டையெல்லாம் காற்று உதிர்த்துவிட்டது.
அரளி பதினேழு ராத்தல். கொழுந்து நான்கு.
கொன்ராடு துரை, நூற்று நாற்பத்தெட்டு.

அப்படித்தான் எழுதியிருக்கிறேன், பூவுக்கு அடுத்த வரியில்.
விலைக் கட்டத்தில் ஒரு கோடு.

குளச்சலில் இறங்கிய பெட்டிகள் நாலு வண்டியில் வந்தன.
உள்ளே பெரிய இயந்திரம் என்று ஊரே நம்பியது.
திறந்தால் வளைந்த குச்சிகள், மடித்த துணி, கோந்து வாசம்.
"எஞ்சின் எங்கே?" என்று ஏசுவடியான் கேட்டதற்கு
மலை பிளந்த இடத்தைப் பார்த்து மோவாயை நீட்டினான் துரை.
ஆரல்வாய்மொழிக் கணவாய் அந்நேரம்
எங்கள் கூரையில் ஓலை பிய்த்துக்கொண்டிருந்தது.

விடியும் முன் வந்து தட்டில் ஏறிக்கொள்வான்,
காலை மடக்கி, கூடையில் வைத்த கோழி மாதிரி.
நான் எதிர்த்தட்டில் படிக்கல் ஏற்றுவேன்.
கல் ஏற ஏற அவன் கொஞ்சம் பேசுவான்;
மிஷன் பள்ளியில் படித்த ஏசுவடியான் அதைத் தமிழில் இறக்கிவைப்பான்.

தகப்பன் கசாப்புக்காரர். எடையில் பயம் வந்தது அங்கே.
பதினாலு வயதில் தொழுவத்துக் கூரையிலிருந்து
படுக்கை விரிப்போடு குதித்தான்: இடது காரை எலும்பு.
பிறகு யுத்தம். பீரங்கிக்குக் குறி சொல்லும் பலூனில்
இரண்டு வருஷம், கயிற்றில் கட்டிய ஆடு, ஆகாயத்தில் மேய்ந்தது.
"ஜெயித்தவர்கள் எங்கள் எஞ்சினுக்குத் தடை போட்டார்கள்.
காற்றுக்குப் போட மறந்துவிட்டார்கள்."
சிரித்தான். தட்டு ஆடியது.
மறுபடி முதலிலிருந்து நிறுத்தேன்.

தம்பி ஒருவன் இருந்தானாம். அவனும் சிறகு கட்டி,
ஒரு குன்றிலிருந்து...
அதற்கு மேல் ஏசுவடியான் இறக்கவில்லை.
நானும் கேட்கவில்லை; அன்று கொழுந்து வரத்து அதிகம்.

பன்னிரண்டாம் தேதி நூற்று நாற்பத்தொன்று.
பூட்ஸை வண்டிக்கார மாலையப்பனுக்குக் கொடுத்துவிட்டான்
(அவன் அதில் மிளகாய் விதை போட்டு வைத்தான்).
பதினாறில் நூற்று முப்பத்தெட்டு. மொட்டை அடித்திருந்தான்.
"மயிருக்கு என்னவேய் எடை?" என்றேன்.
"பூக்கடைக்காரர் கேட்கிற கேள்வியா இது?" என்றான்.

பெருக்குக்கு மறுநாள், ஏலம் முடித்து, மலைச்சரிவு.
ரப்பர்க் கயிறு ஒன்று, பக்கத்துக்கு ஐந்து பேர்.
வாலைப் பிடித்துக்கொண்டு செய்து முகம்மது மட்டும் பின்னால்.
துரை தமிழில் மூன்று சொல் படித்திருந்தான்:
நட. ஓடு. விடு.

நடந்தோம். ஓடினோம்.
கயிறு நீண்டு நீண்டு நெஞ்சை அறுக்கையில்
கடைசிச் சொல் கேட்டது, அது எங்களுக்கு இல்லை, செய்துவுக்கு.
கொக்கி கழன்றது.
பத்துப் பேரும் உடைமுள்ளில் குப்புற.

ஆடு மேய்த்தவள் பார்த்தாள்.
வாய்க்கால் வெட்டினவர்கள் மண்வெட்டியை ஊன்றிப் பார்த்தார்கள்.
சந்தைக்குப் போன மாடுகள்கூடப் பார்த்தனவாம்.
இழுத்தவர்கள் பார்க்கவில்லை.

என் முதுகின் குறுக்கே ஒரு குளிர்ச்சி போயிற்று,
வெயிலில் காயும் துணியை யாரோ உருவினது போல.
தலை தூக்கினால் அவன் குளத்துக்கு அப்பால்,
வயல்வரப்பில், ஒரு சிறகை ஊன்றி நின்றுகொண்டிருந்தான்.
ஐம்பத்தோரு நொடி என்றான் ஏசுவடியான், கடிகாரத்தைத் தட்டி.

நூற்றேழு மாசியில் அவன் தங்கை கடிதம் வந்தது.
சொந்த ஊர் மலையில், காற்றே இல்லாத ஒரு நாளில்.
கூடவே ஒரு கேள்வி:
தராசுக்காரருக்குத் தெரியுமா,
அங்கே பறந்தபோது அண்ணன் எப்படி இருந்தான்?

இரண்டு நாள் யோசித்தேன். பொய் சொல்லத் தெரியாமலில்லை.
முதுகு குளிர்ந்தது என்று மட்டும் எழுதச் சொன்னேன்.
"அவ்வளவுதானா?" என்றான் ஏசுவடியான்.
"அவ்வளவுதான். மொட்டைத்தலையோடு நூற்று முப்பத்தெட்டு
என்பதையும் சேர்த்துக்கொள்."

அஞ்சலில் போடும் முன் உறையைத் தட்டில் வைத்தேன்,
கைப்பழக்கம்.
தட்டு கொஞ்சம் இறங்கியது.
வாசலில் காற்று.